ஈரச் சீருடையும் சாதிக் கயிறும்

இந்த ஜூன் மாதம் குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். என் அக்கா மகள் அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அக்காவுக்கு அன்றைக்கு பீடிக்கடையில் கட்டு ஒப்படைக்கிற நாள். அதனால் நான் போனேன். போனதும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ‘தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான தகுந்த, பாதுகாப்பான உடை’ என்று தலைப்பு. கீழே வரிசையாகக் கட்டளைகள். எண்ணிப் பார்த்தேன், 11. அந்த எண் எனக்கு வேறொரு பட்டியலை நினைவுபடுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தாளில் இருந்தவை தப்பான விஷயங்கள் என்று சொல்ல மாட்டேன். கழுத்தில் நாடா தொங்கும் சட்டை வேண்டாம், சறுக்குமரத்தில் மாட்டிக்கொள்ளும். சரிதான், மாட்டினால் பிள்ளையின் உயிர் போகும். தொங்கட்டான் கம்மல் வேண்டாம், விளையாட்டில் காது கிழியும். சரி. பொத்தான் அறுந்த சட்டைக்கு ஊக்கு குத்தி அனுப்பாதீர்கள். காலுக்குப் பெரிய செருப்பு போட்டு அனுப்பாதீர்கள். பெண்பிள்ளைகளுக்குப் பாவாடைக்கு உள்ளே ஜட்டி கட்டாயம். எல்லாம் சரி. அப்புறம் வந்தது: துவைத்துத் தேய்த்த உடை மட்டுமே. ஈர உடையோடு வரக் கூடாது. சீருடை இல்லாமல் வண்ண உடையில் வரும் பிள்ளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படும்.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை. “டீச்சர், மூணு நாளா சாரல் விடாம அடிக்கி. துவைச்ச துணி காய மாட்டேங்கு. ஈரத்தோட வராதேன்னா பிள்ள எதப் போட்டுட்டு வரும்? கலர் துணியும் கூடாதுங்கீய.”

“அதெல்லாம் வீட்ல நீங்கதாம்மா பாத்துக்கிடணும். மத்த பிள்ளைங்க வரலையா?”

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. ‘மத்த பிள்ளைங்க’ யார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மாடி வீடும் மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். இந்த மூன்றும் எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் இருக்கின்றன, எந்தத் தெருவில் இல்லை என்று விளக்க வேண்டுமா?

சாரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜூன் தொடங்கி ஆகஸ்டு, செப்டம்பர் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாளத்து மழையின் மிச்சம் செங்கோட்டை, குற்றாலம், தென்காசி மேலே பூந்தூறலாக விழுந்துகொண்டே இருக்கும். ஊரெல்லாம் கொண்டாடும் பருவம். அரசாங்கமே சாரல் விழா நடத்துகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க மாநிலம் முழுக்க இருந்து ஆள் வருகிறது. எம்.ஏ. தமிழ் படிக்கையில் குறவஞ்சி நடத்திய பேராசிரியர், சாரல் என்றால் வளம் என்று எழுதிப்போட்டார். நானும் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூனில்தான் என்பதைக் கவனித்தால் இந்த வளத்தின் இன்னொரு பக்கம் தெரியும். அருவியில் நனைந்தவர்கள் லாட்ஜுக்குப் போய் உலர்ந்த துணி மாற்றிக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளை காலையில் ஈரத்தை உடுத்திக்கொண்டு போய், அது உடம்புச் சூட்டிலேயே காயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

காயாத துணியில் கிருமி பெருகும். அந்தக் கிருமிதான் நாற்றத்தைக் கிளப்புகிறது. ஈரம் பட்டுக்கொண்டே இருக்கும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை வரும், சொறி வரும். இது ஈரத்தின் குணம். பிராமணப் பிள்ளைக்கு ஈரப் பாவாடையைக் கட்டிவிட்டாலும் மூன்றாம் நாள் இதே நாற்றம்தான் அடிக்கும். ஆனால் அந்தப் பாவாடை சேரியிலிருந்து வந்தால் நாற்றத்துக்குப் பெயர் மாறிவிடுகிறது. அது ஈரத்தின் நாற்றமாக இல்லாமல் சாதியின் நாற்றமாகிறது.

என் கதையைச் சொல்கிறேன். 1997-98, நானும் மூன்றாம் வகுப்பு. இதே பகுதியில் வேறொரு பள்ளி. வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. இரண்டே செட், அதில் ஒன்று பெரியம்மை மகள் போட்டுக் கழித்தது. தொகுப்பு வீடு, ஒற்றை அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே அம்மை பீடி சுற்றும் சொளகு, அதிலேயே ஐந்து பேர் படுக்கை. சாரல் காலத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டி அம்மை என் பாவாடையைக் காயப் போடுவாள். காலையில் அது பாதி ஈரமாகவும் பாதி புகையாகவும் இருக்கும். புகையிலைத் தூளின் காரம் வேறு. ஒருநாள் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏ பிள்ளே, நீ அந்த சன்னல் ஓரமா போயி இரு. உங்க தெருப் பிள்ளைகளே இப்படித்தான், குளிக்கவே செய்யாதுக” என்றார். நான் அன்று காலையில்தான் வாய்க்காலில் குளித்திருந்தேன். தலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தபோது உள்ளே போய்விட்டது. அந்த வருஷம் முழுவதும் நான் சன்னல் ஓரம்தான். சாரல் உள்ளே அடிக்கும் சன்னல். காய்ந்துகொண்டிருந்த பாவாடை மறுபடியும் நனையும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மை அன்று ராத்திரி பாவாடையை அடுப்புக்கு இன்னும் கிட்டத்தில் தொங்கவிட்டாள். விளிம்பு உருகிச் சுருண்டு போயிற்று. எரியக்கூட இல்லை, உருகியது. பாலியஸ்டர் கலந்த துணியின் குணம் அது. நெருப்புப் பட்டால் இளகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி ஒட்டாது, ஆனால் பற்றிக்கொண்டால் மளமளவென்று எரியும், சாரலில் காய்வதற்கும் அதிக நேரம் எடுக்கும். பாதுகாப்பான உடை எது என்று கேட்கிறவர்கள், அந்த உடை எங்கே காய்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அடுப்புக்கு மேலே காய்கிற எந்தத் துணியும் பாதுகாப்பானது இல்லை. டீச்சரின் மூக்குதான் என் பாவாடையை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

இனி அந்த 11-க்கு வருகிறேன். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அது 11 ஆயிற்று. அந்தச் சமயத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச்.ஹட்டன் இரண்டு பட்டியலையும் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. இதே வரிசையில்தான், பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாடு மேய்க்கத்தான் போக வேண்டும் என்றும் வருகிறது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது. துணியும் எழுத்தும் ஒரே பட்டியலில் இருந்தன என்பதை நான் மறக்க மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் தலித் பிள்ளை இரண்டு தடைகளை ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு நுழைகிறது.

இராமநாதபுரம் தூரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, அதற்கு முன்னால் திருவிதாங்கூர் ராஜாவின் மண். தோள்சீலைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்ட ராஜ்ஜியம் அது. 1859 ஜூலை 26-இல் வந்த அரச ஆணைகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தது. புலையர் பெண்களுக்கு அதற்கும் அப்பால் அரை நூற்றாண்டு ஆயிற்று. செங்கோட்டையில் ரயில் ஏறினால் மலையைத் தாண்டிக் கொல்லம் வரும். அந்தப் பக்கத்துப் பெரிநாட்டில்தான் 1915-இல் அய்யன்காளியின் சொல் கேட்டுப் பெண்கள் கழுத்திலிருந்த கல்லுமாலையை அறுத்து எறிந்தார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1910-இல், பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி ஊருட்டம்பலம் பள்ளிக்குள் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். புலையப் பிள்ளை உட்கார்ந்த பெஞ்சு இருப்பதைவிட பெஞ்சே இல்லாமல் போவது மேல் என்று நினைத்த புத்தி அது.

பள்ளிக்கூடத் தாளின் 11-ஐயும் ஹட்டன் எழுதிய 11-ஐயும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு உடுத்தாதே என்றார்கள். இன்றைக்கு உடுத்தி வா என்கிறார்கள். இரண்டையும் சொல்லும் குரல் மட்டும் ஒரே திசையிலிருந்து வருகிறது.

சுத்தத்துக்கு நாங்கள் எதிரியில்லை. 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களைப் பார்த்து, சேலைக்கட்டை மாற்றுங்கள், சுத்தமாக உடுத்துங்கள், தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் நகைகளைக் கழற்றுங்கள் என்றார். மறுநாளே கட்டு மாறியது. சின்ன வயதில் தனியாகச் சாக்கு விரித்து அதில் உட்கார்ந்து படித்தவர் அவர். அந்தச் சாக்கையும் தினமும் தானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சுத்தம் என்ற சொல் அவர் வாயில் கலகம். மூக்கைப் பொத்திக்கொள்கிறவர் வாயில் அதுவே தீண்டாமை. ‘நாங்களும் சுத்தத்தைத்தானே சொல்கிறோம்’ என்று அம்பேத்கர் பின்னால் ஒளிந்துகொள்ள யாருக்கும் இடமில்லை.

சீருடை வந்தால் எல்லாப் பிள்ளையும் ஒன்றாகிவிடும் என்பது பாதி உண்மை. அந்தப் பாதிக்காக நான் சண்டை போடுவேன். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1985-இல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை தொடங்கியது. 2012-13-இலிருந்து எட்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு நாலு செட் என்று ஆயிற்று. செருப்பும் கொடுத்தார்கள். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் நம்ம பெண்களும் உட்கார்ந்து தைக்கிற துணி அது. ‘எல்லாத்தையும் ஓசியில குடுத்து நாட்டைக் கெடுத்துட்டான்’ என்று டீக்கடையில் பேசுகிறவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சட்டையைப் பறித்தவன் ஒரு சட்டை திருப்பிக் கொடுத்தால் அதற்குப் பெயர் ஓசி இல்லை. செருப்பும் அப்படியே. 2013 ஜூனில் உசிலம்பட்டிப் பக்கம் வடுகபட்டியில், 11 வயது தலித் பையன் செருப்போடு தெருவில் நடந்தான் என்று அதைக் கழற்றித் தலையில் சுமக்க வைத்தார்கள். அரசாங்கம் காலுக்குக் கொடுக்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட நிறையவில்லை, ஊர் அதைத் தலையில் ஏற்றியது.

மீதிப் பாதியைப் பார்ப்போம். சீருடை சத்துணவுப் பட்டியலோடு கட்டப்பட்டிருக்கிறது. சத்துணவு வேண்டாத வீட்டுக்காரர் கடையில் துணி எடுத்துத் தைக்கிறார். ஒரே நிறம்தான் என்பார்கள். இரண்டு பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். சாயம் ஒரு சாயல் வேறு, துணியின் கனம் வேறு, அளவு வேறு. மூன்றாம் வகுப்புக்கு ஒரு பொது அளவு, அதற்குள் ஒல்லியும் குண்டும் அடங்க வேண்டும். அக்கா மகளின் பாவாடையில் இடுப்புக் கொக்கி ரெண்டு அங்குலம் தள்ளி நிற்கிறது. அதனால்தான் ஊக்கு! தாளில் தடைசெய்யப்பட்ட அதே ஊக்கு. ஆசையாலா குத்துகிறாள் தாய்? நாலு செட்டும் ஒன்றாகக் கைக்கு வருவதும் இல்லை. சாரல் அடிக்கும் ஜூனில் கையில் இருப்பது ஒன்று, மிஞ்சினால் போன வருஷத்துக் குட்டைப் பாவாடை ஒன்று. வெயில் காயும்போது மற்றவை வந்து சேரும். நாலு செட் என்பது கணக்கில் இருக்கிறது, மழையில் இல்லை.

இதையெல்லாம்கூட நிர்வாகக் கோளாறு என்று விட்டுவிடலாம். அந்தத் தாளில் நான் இரண்டாம் தடவை தேடிப் பார்த்தும் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். கம்மல் உண்டு, நாடா உண்டு, ஊக்கு உண்டு. கயிறு இல்லை.

மணிக்கட்டில் கட்டும் கயிறு. தாமிரபரணி பாயும் இந்த நிலத்தில் அதற்கு நிறம் உண்டு, நிறத்துக்குச் சாதி உண்டு. 2015-இல் நெல்லை மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிவாரியாக வண்ணக் கயிறு கட்டுவது பத்திரிகைகளில் வெளியாகி நாடே பேசியது. தென்காசி அப்போது நெல்லையோடு இருந்தது, 2019 நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆயிற்று. அதே 2019 ஜூலை கடைசியில், பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சொன்னதை வைத்து, சாதிக் கயிறு கட்டவிடாமல் நடவடிக்கை எடுங்கள் என்று பள்ளிக் கல்வி இயக்குநரின் சுற்றறிக்கை போயிற்று. இந்துக்களுக்கு விரோதம் என்று ஒரு கூச்சல் எழுந்தது. ஆகஸ்டில் அன்றைய அமைச்சர் செங்கோட்டையன், எனக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டார்கள், பழைய நிலையே தொடரும் என்றார். தொடர்ந்தது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில் கயிற்றை வைத்து எழுந்த சண்டையில் அடிபட்ட பிளஸ் டூ மாணவன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். 2023 ஆகஸ்டு 9 ராத்திரி நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு போட்டார்கள். 2024 ஜூன் 18-இல் அவர் கொடுத்த அறிக்கை, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளியில் கூடாது என்று பரிந்துரைத்தது. மறுபடியும் அதே கூச்சல்.

எங்கள் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளை உடம்பில் இருந்த எந்தப் பொருள் உயிரை வாங்கியிருக்கிறது? தொங்கட்டானா, ஊக்கா, ஈரப் பாவாடையா? கயிறு வாங்கியிருக்கிறது. பாதுகாப்பான உடை என்று தலைப்புப் போட்ட தாளில் அது ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது. மறதியால் விட்டது என்று நம்ப நான் தயாரில்லை. ஊக்கைப் பற்றி எழுதினால் கேட்க ஆள் இல்லை. கயிற்றைப் பற்றி எழுதினால் அன்று சாயந்தரமே நாலு பைக் பள்ளி வாசலில் வந்து நிற்கும். யாரிடம் கண்டிப்பு காட்டலாம், யாரிடம் காட்டக் கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கு நன்றாகத் தெரியும்.

அதெல்லாம் பெரிய பையன்கள் சமாசாரம், சின்னப் பிள்ளைகளுக்கு என்ன என்பார்கள். மூன்றாம் வகுப்பு வாசலில் நின்று கைகளைப் பாருங்கள். கொடை முடிந்த மறுநாள் மாமனோ அண்ணனோ கட்டிவிட்ட கயிறு. பிள்ளைக்கு அதன் பொருள் தெரியாது, பளபளப்பு மட்டும்தான் தெரியும். நாலு வருஷத்தில் பொருளும் தெரிந்துவிடும். ஆறாம் வகுப்பில் கத்தியைப் பறிமுதல் செய்து என்ன பயன்?

இங்கே நம்மையும் சொல்லாமல் விட முடியாது. நம்ம தெருப் பையன்கள் சிவப்பு-பச்சை கட்டவில்லையா? ‘அவன் கட்டுதான், நாம கட்டுனா என்னக்கா’ என்று என் சித்தி மகனே கேட்டான். அடிக்கு அடி என்ற வேகம் எனக்குப் புரிகிறது. கைகாலைப் பொத்திக்கொண்டு நடந்த தாத்தாவின் பேரன் நிமிர்ந்து நிற்க ஒரு அடையாளம் தேடுகிறான். ஆனால் பெரிநாட்டுப் பெண்கள் அறுத்து எறிந்தது கழுத்தில் கட்டிய சாதிதான். அதை மணிக்கட்டில் திரும்பக் கட்டுவதை விடுதலை என்று என்னால் எழுத முடியாது. இதற்காக நம்ம தோழர்களில் சிலர் என்னோடு பேசாமல் போகலாம். போகட்டும்.

கயிறே இல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும் என்பதையும் மறைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் பள்ளிக்குப் போகிற தலித் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனார்கள். ஊர்க்கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதைப் படம் எடுத்து அவர்களே பரப்பினார்கள். வழக்குப் போட்டு, ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மிட்டாய்க்குக் காசை நீட்டிய அந்தப் பிள்ளைகள் கையில் எந்த நிறமும் தேவைப்படவில்லை. எந்தத் துணியும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. உடையால் சாதி ஒழியும் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம் தலையிட்டால் ஊர்க்கட்டுப்பாடும் அஞ்சுகிறது என்பதைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

கூட்டத்துக்குத் திரும்புகிறேன். நான் எழுந்து, “டீச்சர், இதுல கயிறு இல்லையே” என்றேன். தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் தன் பையனின் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். “அது சாமி விஷயம்மா, நாம தலையிட முடியாது” என்றார் தலைமையாசிரியர். “சாமி விஷயம்னா எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நெறத்துல கட்டுங்க சார்” என்றாள் கைப்பிள்ளைக்காரி, பின்வரிசையிலிருந்து. முதலில் பேசிய அதே அம்மாதான். சிலர் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு எங்கள் பக்கத்திலிருந்து வந்தது.

வெளியே வந்து தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து தாளின் பின்பக்கத்தில் எழுதினோம். சாரல் மாதங்களில் சீருடை ஈரமாக இருந்தால் எந்த உலர்ந்த உடையும் அனுமதிக்க வேண்டும். நாலு செட்டும் பள்ளி திறக்கும் நாளில் அளவெடுத்த மாதிரிக் கிடைக்க மேலிடத்துக்கு எழுத வேண்டும். பள்ளித் தாழ்வாரத்தில் கொடி கட்ட வேண்டும், நனைந்து வரும் பிள்ளை மாற்றிக்கொள்ள அலமாரியில் நாலைந்து உடுப்பு வைக்க வேண்டும். சன்னல் ஓரம், கடைசி பெஞ்சு என்று நாற்றத்தைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் ஒதுக்கக் கூடாது. பட்டியலில் பன்னிரண்டாவதாகக் கயிற்றைச் சேர்க்க வேண்டும், எல்லா நிறத்தையும். 14 பேர் கையெழுத்துப் போட்டோம். ஆறு பேர் கைநாட்டு. நம்ம தெருவுக்கு வெளியிலிருந்தும் இரண்டு அம்மாக்கள் போட்டார்கள்.

தலைமையாசிரியர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டோம். தயங்கினார், அப்புறம் போட்டார். கொடி மட்டும் மறுவாரம் கட்டப்பட்டது, அதுவும் கைப்பிள்ளைக்காரி வீட்டிலிருந்து கொண்டுவந்த கயிற்றில். மற்றவற்றுக்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அக்கா பீடிக்கட்டை முந்தின நாளே ஒப்படைத்துவிட்டு என்னோடு வருகிறாள்.